28 லிட்டர் ஓ.டி.ஜி.: இரண்டு வருடக் கோழிக் கணக்கு

எங்கள் வீட்டு ஓ.டி.ஜி.யில் (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த கரண்ட் அடுப்புப் பெட்டி) இந்த இரண்டு வருடத்தில் மூன்றே மூன்று கேக் வெந்திருக்கிறது. அதில் ஒன்று நடுவில் குழி விழுந்து, பையன் அதற்குக் 'கிணறு' என்று பெயர் வைத்தான். கோழி மட்டும் நூறு தடவைக்கு மேல் வெந்துவிட்டது. கேக் செய்வதற்காக வாங்க நினைப்பவர்கள் வேறு யாராவது எழுதியதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரிச் சோற்றை நிறுத்த வேண்டி வந்தவன் தட்டில் அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்பினான் என்பதுதான் இங்கே கதை.

நான் ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 49. 2023-ல் மூன்று மாச சராசரிச் சுகர் (HbA1c) 7.8 சதவீதம் என்று வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "ராத்திரி மட்டுமாவது சோத்த விட்டுப் பாருங்க" என்றார். சப்பாத்தி சாப்பிடட்டுமா என்று கேட்டேன். "அதுவும் மாவுதானுங்களே" என்று சிரித்தார்.

மூன்று வாரம் வேகவைத்த கோழியும் பொரியலும் சாப்பிட்டேன். நான்காவது வாரம் வேகவைத்த கோழியைப் பார்த்தாலே எழுந்து போகத் தோன்றியது. வாணலியில் வறுக்கலாம் என்றால் அரை மணி நேரம் அடுப்படியிலேயே நிற்க வேண்டும். எங்கள் ஊர் ஜவுளிச் சந்தை திங்கள் ராத்திரியே தொடங்கிவிடும். செவ்வாய்க்கிழமை நான் வீடு வந்து சேர ஒன்பது மணி ஆகும். அந்த நேரத்தில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்கும் தெம்பில்லை, நாளெல்லாம் வேலை செய்த மனைவியிடம் கேட்கவும் மனமில்லை. தட்டில் பரப்பி, உள்ளே தள்ளி, கதவைச் சாத்திவிட்டுக் குளிக்கப் போகிற மாதிரி ஒரு சமையல் வேண்டியிருந்தது. அந்த வருடம் தீபாவளித் தள்ளுபடியில் 7,400 ரூபாய்க்கு இதை வாங்கினேன்.

கம்பெனிப் பெயரை எழுதவில்லை. ரிப்பேர் விஷயத்தில் எனக்கு நடந்ததை வைத்து ஒரு கம்பெனியையே தூற்ற விருப்பமில்லை. அதோடு இந்த அளவு ஓ.டி.ஜி.க்கள் உள்ளே ஏறக்குறைய ஒரே மாதிரிதான்: மேலே இரண்டு கம்பி, கீழே இரண்டு கம்பி, முகப்பில் மூன்று திருகு. ஒன்று சூட்டுக்கு, ஒன்று எந்தக் கம்பி எரிய வேண்டும் என்பதற்கு, ஒன்று நேரத்துக்கு. நேரத் திருகில் ஒரு சின்ன விஷயம். ஐந்து நிமிடம் வேண்டுமென்றால் நேராக ஐந்துக்குத் திருப்பினால் எங்கள் வீட்டுப் பெட்டியில் மணி அடிப்பதில்லை. இருபது வரை கொண்டுபோய்த் திருப்பி ஐந்துக்கு இழுக்க வேண்டும். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இது இருந்ததை நான் நான்கு மாதம் கழித்துத்தான் பார்த்தேன்.

வாங்குவதற்கு முன் பிளக் பாயிண்டைப் பாருங்கள். பெட்டி 1,600 வாட். 230-ஆல் வகுத்தால் 7 ஆம்பியர் வருகிறது. மிக்ஸி போடுகிற 6 ஆம்பியர் பாயிண்டில் இதைச் செருகக் கூடாது, தடித்த மூன்று முள் போகிற 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். எங்கள் சமையலறையில் அது ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருந்தது. எலக்ட்ரீசியனை அழைத்துப் புதுப் பாயிண்ட் இழுக்க 900 ரூபாய். ஆகப் பெட்டியின் உண்மையான விலை 8,300.

முதல் நாள் வெறும் பெட்டியை 250 டிகிரியில் கால் மணி நேரம் ஓடவிட வேண்டும். கம்பிமேல் பூசியிருக்கும் எண்ணெய்ப் பசை அப்போதுதான் எரிந்து போகும். ஜன்னலைத் திறந்து வைக்காமல் அதைச் செய்துவிட்டேன். புகை கூடம் வரை வந்தது. அம்மா பூஜை மாடத்திலிருந்து எழுந்து வந்து பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, கறிய இந்தப் பொட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டா, கிண்டாம எப்படி வேகும்? அடி புடிச்சுக்காதா?" என்றார்.

அம்மாவின் சந்தேகம் வேறு வகையில் பலித்தது. முதல் நான்கு தடவை அடி பிடிக்கவில்லை, ஆனால் வறுபடவும் இல்லை. தட்டு நிறையத் தண்ணீர் விட்டு, கோழி வெளுத்து, காலிஃபிளவர் துவண்டு போய் ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருந்தது. சமையல் குறிப்பில் சொன்னபடி 200 டிகிரி, 40 நிமிடம்தான் வைத்திருந்தேன். பெட்டிதான் மோசம் என்று முடிவு கட்டி, திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பில்லைத் தேடிக்கொண்டிருந்தேன்.

குற்றத்தில் பாதி பெட்டியுடையது, பாதி என்னுடையது. பெட்டியின் பங்கை முதலில் சொல்கிறேன். 350 ரூபாய்க்குப் பெட்டிக்குள்ளேயே வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி நடுவில் வைத்துப் பார்த்தேன். திருகு 200-ல் இருக்க, உள்ளே 175. சூடேறிவிட்டதென்று சின்ன விளக்கு அணையும்வரை பொறுத்தும் பார்த்தேன், கால் மணி கழித்தும் பார்த்தேன், 180-ஐத் தாண்டவில்லை. அன்றிலிருந்து எனக்கு 200 வேண்டுமென்றால் திருகை 225-ல் வைக்கிறேன். அதோடு வலது பின்மூலை மற்ற இடத்தைவிடச் சூடு. அங்கே வைத்த துண்டு மட்டும் கருகும். பாதி வேக்காட்டில் தட்டை முன்பின்னாகத் திருப்பி வைத்தால் சரியாகிவிடுகிறது. ஏழாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு இந்தக் குணம் இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். ஆனால் தெர்மாமீட்டர் இல்லாமல் இதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை, ஆகவே அதையும் சேர்த்தே வாங்குங்கள்.

என் பங்கு, ஈரம். நம் வீடுகளில் கறியை மஞ்சள் போட்டு நாலு தண்ணீரில் அலசி, பிழிந்தும் பிழியாமலும் அப்படியே மசாலா புரட்டுவோம். குழம்புக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. தட்டில் வைத்துச் சுடும்போது அந்தத் தண்ணீர் முழுக்க ஆவியாகிற வரைக்கும் கறி 100 டிகிரிக்குமேல் ஏறாது. மேல்புறம் சிவக்க 140-ஐத் தாண்டியாக வேண்டும். அதனால் நாற்பது நிமிடமும் என் கோழி ஆவியில்தான் வெந்திருக்கிறது. இப்போது கழுவிய துண்டுகளை ஒவ்வொன்றாகத் துணியில் ஒற்றி எடுக்கிறேன். கடையில் சாம்பிளுக்கு வந்து விலைபோகாமல் கிடந்த சென்னிமலைத் துண்டு இரண்டு இதற்கென்றே வைத்திருக்கிறேன், வேலை முடிந்த கையோடு கொதிநீரில் போட்டுவிடுவேன். தயிரில் ஊறவைப்பதானால் தயிரையும் துணியில் கட்டித் தண்ணீரை வடித்துவிட வேண்டும். இந்த ஒரு மாற்றத்துக்கே மனைவி, "ஏனுங்க, இது கடைக் கிரில்லாட்டம் இருக்குதுங்களே" என்றாள்.

கோழிக் கடையில் கேட்கிற விதமும் உண்டு. சும்மா ஒரு கிலோ என்றால் குழம்புக்கு வெட்டுகிற மாதிரி பொடிப் பொடியாக வெட்டித் தந்துவிடுவார்கள். அது இந்தப் பெட்டியில் எலும்பும் தோலுமாக வற்றிப் போகும். நெஞ்சுக்கறியும் அப்படியே, 20 நிமிடத்தைத் தாண்டினால் சவுக்குக் கட்டை. எனக்குத் தொடையும் காலும் சேர்ந்த துண்டுதான் சரிப்படுகிறது, தோலோடு. முதல் தடவை தோலோடு கேட்டபோது கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "தோலா? பிராய்லர்லயாங்ண்ணா?" என்று கேட்டார். நாட்டுக்கோழியை மஞ்சள் பூசி வாட்டித் தோலோடு சாப்பிடுகிற ஊர் இது, ஆனால் பிராய்லர் என்றால் கை தானாகத் தோலை உரித்துவிடுகிறது. இப்போது என் தலையைக் கண்டதும் தோலோடு எடுத்து வைக்கிறார். அந்தத் தோலிலிருந்து இறங்குகிற கொழுப்பில்தான் காய்கறி வறுபடுகிறது. தட்டில் நான் தனியாக ஊற்றுவது இரண்டு மேசைக்கரண்டிக் கடலெண்ணெய்தான்.

அதிகம் செய்வது பள்ளிபாளையம் சிக்கன் மாதிரி ஒன்று. பள்ளிபாளையம் எங்களுக்குக் காவிரி தாண்டினால் வந்துவிடும். அந்த ஊர்க் கோழி வறுவலில் மசாலாப் பொடி கிடையாது, வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, கறிவேப்பிலை அவ்வளவுதான். மாவுச்சத்தைக் குறைக்க நினைப்பவனுக்கு இதைவிட வசதியான வறுவல் கிடைக்காது. முக்கால் கிலோ கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு மிளகாயை விதை தட்டிக் கிள்ளி, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைக்கிறேன். ஊறவைக்காமல் போட்டால் பெட்டிச் சூட்டில் மிளகாய் கருகி வீடே தும்மும். கோழித் துண்டுகளை ஆழமாகக் கீறி, உப்பு, ஈரோட்டு மஞ்சள், தட்டின பூண்டு, எண்ணெய் புரட்டி அரை மணி நேரம் வைக்கிறேன். உரித்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, தேங்காய்ச் சில்லு ஒரு கைப்பிடி, காலிஃபிளவர் 400 கிராம் தட்டில் பரப்புகிறேன். துண்டுக்குத் துண்டு விரல் நுழைகிற இடைவெளி இருக்க வேண்டும். நெருக்கிப் போட்டால் பழையபடி ஆவிதான்.

முதல் 25 நிமிடம் மேல் கம்பி, கீழ் கம்பி இரண்டும். அப்புறம் தட்டைத் திருப்பி வைத்து, மிளகாயையும் குடைமிளகாயையும் தூவி இன்னொரு 12 நிமிடம். கடைசி ஐந்து நிமிடம் மேல் கம்பி மட்டும். அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னால் கறிவேப்பிலையை எண்ணெயில் பிசிறிப் போடுகிறேன். கதவுக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தால் தோல் கொப்பளித்துக் கொப்பளித்து அடங்குவது தெரியும். தேங்காய்ச் சில்லின் ஓரம் முதலில் சந்தன நிறமாகி, பிறகு பழுப்பேறும். காலிஃபிளவர் மொட்டுகளின் நுனி மட்டும் கறுத்ததும் நிறுத்திவிடுவேன். என் பையன் காலிஃபிளவரைத் தொட மாட்டான், ஆனால் இந்தக் கறுத்த நுனிகளை மட்டும் தட்டிலிருந்து திருடித் தின்பான்.

மற்ற காய்களில் எனக்கு நிறைய அடி. சுரைக்காய், சௌசௌ, தக்காளி மூன்றும் தட்டைக் குளமாக்கிவிடும். முருங்கைக்காய் போட்ட நாளை நினைக்க விரும்பவில்லை, வெளியே விறகு, உள்ளே பஞ்சு. ஜெயித்தவை கத்தரிக்காய், பீன்ஸ், தாளவாடி முட்டைக்கோஸ். கோஸை உதிர்க்காமல், தண்டோடு சேர்த்து எட்டாகப் பிளந்து வைத்தால் வெட்டுவாய் மட்டும் முறுகி உள்ளே இனிக்கும். எதிர்பாராத வெற்றி வெண்டைக்காய். கழுவி நன்றாகத் துடைத்து, நீளவாக்கில் பிளந்து, கடைசிக் கால் மணியில் போடுகிறேன். கொழகொழப்பே இல்லை. சம்பத் நகர் உழவர் சந்தையில் பிஞ்சாகக் கிடைக்கிற நாளில் அரைக் கிலோவும் ஒரே தட்டில் காலியாகும்.

கணக்கெழுதுகிறவன் என்பதால் இதையும் எழுதி வைத்திருக்கிறேன். வெந்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 28 கிராம், பச்சைக் காலிஃபிளவர் 100 கிராமில் சுமார் 5. முன்பு ராத்திரி 250 கிராம் சோறு சாப்பிட்டேன், அது 70. இப்போது அதே எடைக்குக் காய் சாப்பிட்டாலும் 14, 15-ஐத் தாண்டுவதில்லை. சின்ன வெங்காயத்தில் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் கைப்பிடி வெங்காயத்தை நாலு பேர் பங்கிட்டால் ஆளுக்கு என்ன வந்துவிடப் போகிறது. உருளைக்கிழங்கு மட்டும் உள்ளே விடுவதில்லை.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சண்டை. மனைவி தொடையைப் பிய்த்தாள், எலும்போரம் ரத்தச் சிவப்பு. "வேகவே இல்லைங்க இது" என்று தட்டைத் தள்ளிவிட்டாள். எனக்கும் பயம்தான். கறிக்குள் குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். கோழி உள்ளே 74 டிகிரி தொட்டால் போதும், எங்கள் தொடை 83 காட்டியது. பிராய்லரை ஆறு வாரத்துக்குள் வெட்டிவிடுகிறார்கள், அந்த இளம் எலும்பு இன்னும் முற்றியிருக்காது. சூட்டில் மஜ்ஜையின் நிறம் கசிந்து பக்கத்துக் கறியில் ஏறிவிடுகிறது, வெந்த கறியிலும் இந்தச் சிவப்பு நிற்கும். நம்பரைக் காட்டிய பிறகு சாப்பிட்டாள், ஆனால் எலும்போரத்தை இன்றைக்கும் எனக்குத்தான் ஒதுக்குகிறாள்.

பெட்டியோடு கோழியைக் கோத்துச் சுற்றுகிற கம்பியும் தந்தார்கள். விளம்பரப் படத்தில் அதுதான் பெரிதாக இருக்கும். சாயந்திரமானால் ஓட்டல் வாசலில் கோழிகள் வரிசையாகச் சுற்றுமே, அந்த ஆசையில் ஒரே ஒரு தடவை 1.2 கிலோ முழுக்கோழியைக் கோத்தேன். காலை நூலால் இறுக்கிக் கட்டவில்லை. பாதிச் சுற்றில் கால் ஒன்று விரிந்து மேல் கம்பியில் மாட்டிக்கொண்டது. மோட்டார் 'டக் டக்' என்று முனகுகிறது, கோழி ஆசீர்வாதம் செய்கிற மாதிரி காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, உள்ளே புகை. அம்மா மட்டும் சிரிக்காமல், "பாவம், எறக்கி விட்ரு சாமி" என்றார். அந்தக் கம்பி இப்போது பரணில் இருக்கிறது.

சுத்தம் செய்வது தொல்லைதான், மறைக்க மாட்டேன். கொழுப்புத் தெறித்து மேல் சுவரில் ஒட்டும். மூன்று நாள் விட்டால் அரக்கு. நான் பெட்டி வெதுவெதுப்பாக இருக்கும்போதே சோடா உப்பைக் குழைத்துத் துடைத்துவிடுகிறேன், கம்பிமேல் மட்டும் தண்ணீர் படவிடுவதில்லை. தட்டில் அலுமினியத் தாள் விரித்தால் வேலை மிச்சம் என்பார்கள். தயிர், எலுமிச்சை போட்ட மசாலாவுக்கு அது ஆகாது, புளிப்புப் பட்டுத் தாளில் பொடித் துளை விழும். கைப்பிடி ஸ்குரு இரண்டு தடவை கழன்றுவிட்டது. சூட்டு எண்கள் அச்சிட்ட மை ஒரு வருடத்தில் அழிந்துபோய், இப்போது 225 இருக்கும் இடத்தில் மனைவியின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி.

கீழ்க் கம்பி ஒன்று பதினான்காவது மாதம் அணைந்தது. வாரண்டி பன்னிரண்டு மாதம். போனில் ஒன்பதை அழுத்து, இரண்டை அழுத்து என்று பதினோரு நாள் ஓட்டினார்கள். ஆள் வந்து பத்தே நிமிடத்தில் கம்பியை மாற்றினார், வந்து போக 350, கம்பிக்கு 850. வாரண்டியை இரண்டு வருடமாக நீட்டிக்கக் கடையில் 600 ரூபாய் கேட்டபோது நான் வேண்டாமென்றது நினைவுக்கு வந்தது. கம்பி மாற்றிய பிறகு திரும்பவும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். அதே 25 டிகிரிப் பொய்.

கரண்டுக்குப் பயந்தவர்களுக்கு: மீட்டரைப் பார்த்துக் குறித்தேன், சூடாக்குவதையும் சேர்த்து ஒரு தட்டுக்கு ஒரு யூனிட்டுக்குள் முடிகிறது. கம்பி முழு நேரமும் எரிவதில்லை, விட்டு விட்டுத்தான் எரியும். ஏர் ஃபிரையர் வாங்கியிருக்கலாமே என்று கடையில் கூடவே வேலை செய்கிற தம்பி கேட்டார். அவர் வீட்டில் இரண்டே பேர், அவருக்கு அது சரி. சீக்கிரம் சூடாகும், கழுவவும் சுலபம். எங்கள் வீட்டில் நான்கு பேர். அந்தக் கூடையில் எங்கள் கோழியைப் போட்டால் இரண்டு தவணையாகச் சுட்டு, முதல் பந்தி இரண்டாம் பந்தி என்று சாப்பிட வேண்டும்.

சுகரைப் பற்றி என் வீட்டுக் கணக்கு மட்டும் சொல்கிறேன். சோறு சாப்பிட்ட ராத்திரிகளில் இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் 200-ஐத் தாண்டும், இந்தத் தட்டுச் சாப்பாடு சாப்பிட்ட நாளில் 140-ஐ ஒட்டி நிற்கிறது. மாத்திரையும் நடையும் கூடவே இருக்கின்றன, எல்லாப் புகழையும் பெட்டிக்குக் கொடுக்க முடியாது. இன்சுலின் போடுபவர்கள், சுகரை வேகமாக இறக்குகிற மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் ராத்திரிச் சோற்றைத் திடீரென்று நிறுத்த வேண்டாம். எங்கள் கடைக்கு எதிரே இருக்கும் ஒருவர் அப்படிச் செய்து, விடியற்காலை வேர்த்துக் கொட்டி விழுந்தார்.

வீட்டில் மற்றவர்கள் சோற்றை விடவில்லை. அம்மாவுக்கு இந்தப் பெட்டியில் பிடித்தது கோழியே அல்ல, கோழியை எடுத்த பிறகு தட்டில் மிஞ்சுகிற சாறு. மிளகாயும் கடலெண்ணெயும் கோழிக் கொழுப்பும் வெங்காயமும் சேர்ந்து பழுப்பாக ஒட்டியிருக்கும். சூடாறுவதற்குள் தட்டிலேயே இரண்டு கரண்டிச் சோற்றைப் போட்டுப் பிசைந்து எடுத்துக்கொள்வார். நான் அந்தப் பக்கம் திரும்பாமல் சாப்பிடப் பழகிக்கொண்டேன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். சூட்டுத் திருகுக்கு ஒன்று, ரிப்பேர் ஆள் வருவதற்கு ஆன பதினோரு நாளுக்கு அரை குறைத்துக்கொண்டேன். ஒன்றிரண்டு பேர் உள்ள வீடென்றால் வாங்காதீர்கள். நாலு பேர் இருந்து, 16 ஆம்பியர் பாயிண்டும் இருந்தால் வாங்கலாம். வாங்கும்போது கூடவே இன்னொரு தட்டு கேளுங்கள், 450 ரூபாய் ஆகும். முதல் தட்டு எப்படியும் அம்மா கையில்தான் இருக்கும்.